சுடுமேட்டுக்கு ஒரு பை

யுத்த காலத்தில் நான் கொல்லிமலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தேன். வேலைக்கு வரும் ஆட்களின் பெயரைப் பதிவது, கிடங்கில் இருக்கும் சாமான்களை எழுதி வைப்பது, துரைக்கு வரும் கடிதங்களைப் பிரித்து மேசைமேல் அடுக்குவது, இவைதான் என் வேலை. துப்பாக்கிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தீபாவளிக்கு ஓலைவெடி வெடித்தாலே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுகிற ஆள் நான்.

எங்கள் துரை முன்பு பட்டாளத்தில் இருந்தவர். அறுபது வயதைத் தாண்டியிருந்தார். ஜப்பான்காரன் கப்பல் வங்காள விரிகுடாவில் தெரிந்தது, மதராஸில் பாதிப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள் என்றெல்லாம் செய்தி வந்தபோது, வராந்தாவில் ஒரு மேப்பை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் எங்களைக் கூப்பிட்டார். ஜப்பான்காரன் கடலூரில் இறங்குவான், சேலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், நேராகக் கொல்லிமலைக்குத்தான் வருவான் என்றார். காரணம் கேட்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. அப்போது மலைக்கு ரோடு கிடையாது. சேந்தமங்கலத்து ஆட்களே ஏறி வருவதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். ஜப்பான்காரன் முதல் ஏற்றத்திலேயே மனசு மாறித் திரும்பிவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. அதையும் நான் சொல்லவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் துப்பாக்கிப் பழக்கம் என்று உத்தரவாயிற்று. மூன்று பேர் படை. ஒருவன் நான். இன்னொருவர் தோட்டத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் தன் கையையே அடையாளம் தெரியாதவர். மூன்றாமவர் மிளகுக் கொடிகளைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி. ஆலத்தூர் நாட்டுக்காரர், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஜப்பான்காரன் உண்மையிலேயே வந்திருந்தால் எங்கள் மூவரில் அவர் ஒருவரால்தான் ஏதாவது நடந்திருக்கும்.

காப்பிச் செடி பிடிக்காத ஒரு சரிவைச் சமன்செய்து, எதிரே ஆள் உயரத்துக்கு மண்ணைக் குவித்து, அதன்முன் ஒரு பலகை நட்டார்கள். அதற்குச் சுடுமேடு என்று பெயர் வைத்துக்கொண்டோம். சிறிய ரைஃபிள் ஒன்றுதான் இருந்தது. அதைத் துரையே தோளில் சுமந்து வருவார். மற்ற சாமான்கள் என் பொறுப்பு. தோட்டாப் பெட்டி, குழலைத் துடைக்கிற நீளக் கம்பி, எண்ணெய்ப் புட்டி, துடைக்கும் துணி, வட்டம் வரைந்த குறித்தாள்கள், தாளில் விழுந்த ஓட்டையை ஒட்ட மாவுப் பசை, ஆணி, சுத்தியல், யாரும் குறுக்கே வராமலிருக்க ஆட்டும் சிவப்புக் கொடி, மார்க்குப் போடும் நோட்டு.

முதல் ஞாயிறு எல்லாவற்றையும் கையிலும் கக்கத்திலும் வேட்டி மடிப்பிலுமாக எடுத்துக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்தபோது பசைக் கிண்ணம் தோட்டாப் பெட்டிக்குள் கவிழ்ந்திருந்தது. துரை பெட்டியைத் திறந்து பார்த்தார். தோட்டாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன.

"ரைட்டர், இது என்ன? உப்புமாவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அடுத்த ஞாயிறு ஒரு பை வேணும். நல்ல பை. நீயே பாத்து எடு," என்றார்.

எப்படிப்பட்ட பை என்று எனக்குத் தெரியட்டும் என்று சீமையிலிருந்து வந்த ஒரு பழைய கேட்லாக்கையும் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவிக்குக் காட்டினேன். சுடப் போகிறவர்களுக்கென்றே செய்த தோல் பை, ஒரு பக்கம் முழுக்கப் படம் போட்டிருந்தது. தோட்டாவுக்கு ஓர் அறை, எண்ணெய்க்கு ஓர் அறை, கம்பிக்கு நீளமாக ஓர் உறை, கைக்குட்டைக்குக்கூடத் தனி இடம்.

அவள் விரலால் ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்தாள். "ஏனுங்க, இந்தப் பையில ஏழு அறை இருக்குதுங்க. நம்ம ஊட்டுல ரெண்டுதான். பேசாம நாம இதுல குடி போயிறலாமுங்க."

சீமையிலிருந்து கடிதமே வராத காலத்தில் பை எங்கே வரும்? கேட்லாக்கை மூடி வைத்துவிட்டுக் கிடங்கில் தேடினேன். மிளகு போட்டு வைக்கும் சின்னச் சாக்கு ஒன்று கிடைத்தது. கெட்டியான நூல், அளவும் கச்சிதம். வாயில் கயிறு கோத்தால் தோளில் மாட்டிக்கொள்ளலாம். மனைவி அதை ஓடையில் இரண்டு தடவை அலசிக் காயப்போட்டுக் கொடுத்தாள். நானே பார்த்து எடுத்த பை என்பதால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஞாயிறன்று துரையும் பையைத் தூக்கிப் பார்த்துத் தலையசைத்தார். முதலில் சுட வேண்டியவன் நான். பாயில் குப்புறப் படுத்தேன். பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். கண்ணை இடுக்கி, மூச்சை உள்ளே இழுத்து அப்படியே நிறுத்த வேண்டும் என்பது துரை சொல்லிக்கொடுத்த பாடம். அப்படியே இழுத்தேன். எத்தனை தடவை அலசினாலும் மிளகு சாக்கை விட்டுப் போகாது என்பது அப்போதுதான் தெரிந்தது. இழுத்த மூச்சோடு சாக்கில் மிச்சமிருந்த தூள் அத்தனையும் மூக்கிலேறிவிட்டது.

தும்மலும் வெடியும் ஒன்றாகக் கிளம்பின. பலகைக்கு எதுவும் ஆகவில்லை. மண்மேட்டுக்கும் எதுவும் ஆகவில்லை. வலப்பக்கம் நின்ற பலா மரத்தில் ஒரு பெரிய காயிலிருந்து பால் சொட்டச் சொட்ட வடிந்தது.

நான் நிறுத்தாமல் பதினோரு தும்மல் போட்டேன். என்ன ஆயிற்றென்று பார்க்கக் கிட்டே வந்த கம்பவுண்டரும் தும்மினார். அவருடைய கண்ணாடி புல்லில் விழுந்து, அதைத் தேடக் கண்ணாடி இல்லாமல் நாலு காலில் தவழ்ந்தார்.

மேஸ்திரி பலா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார்: "துரைங்க, பலாவுக்கு எத்தன மார்க்குங்க?"

"பூஜ்யம்," என்றார் துரை. அந்தச் சாக்கைச் சுடுமேட்டுக்கு நூறு கஜத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் கம்பவுண்டர் என்மேல் இரக்கப்பட்டார். அவரிடம் ஒரு பழைய தோல் பை இருந்தது. மருந்துப் புட்டிகளைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவதற்கு வைத்திருந்தது. வாயைப் பிளந்தால் நன்றாக அகலும், மூடினால் பளிச்சென்று பூட்டுச் சத்தம் கேட்கும். கேட்லாக்குப் பைக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். கம்பி மட்டும் அதற்குள் அடங்காமல் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் துணியில் சுற்றிவிட்டேன்.

அந்த ஞாயிறு வெள்ளைச் சட்டையும் தோல் பையுமாகக் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினேன். சுடுமேட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை இரண்டு ஊர் வழியாகப் போகிறது. முதல் ஊரைக் கடக்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஒரு பெரியவர், கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு வருகிறார். எங்காவது போகிறார் போலிருக்கிறது என்று நடந்தேன். இரண்டாவது ஊரில் ஓர் அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சேர்ந்துகொண்டார். அப்புறம் இருமலோடு இரண்டு பேர், கழுத்துச் சுளுக்கோடு ஒருத்தர். சுடுமேட்டை அடையும்போது என் பின்னால் ஒன்பது பேர் இருந்தார்கள். நான் நின்றேன். அவர்களும் நின்றார்கள்.

"என்ன வேணுமுங்க?" என்றேன்.

முழங்கால்காரம்மாள் முன்னே வந்தார். திண்ணனூர் நாட்டிலிருந்து மகள் ஊருக்கு வந்தவராம். "டாக்டருங்க, இந்த முட்டி மடக்க முடியலீங்க. ஏதாச்சும் போட்டு உடுங்க."

"நான் டாக்டர் இல்லீங்க. ரைட்டர்."

"ரைட்டரோ எதோ, பை இருக்குதில்லீங்க?"

பையைத் திறந்து காட்டினால் புரிந்துகொள்வார் என்று திறந்தேன். அவர் கண் எண்ணெய்ப் புட்டிமேல்தான் போயிற்று. "இதுதானுங்க, இதுதான். கொஞ்சூண்டு ஊத்துங்க சாமி," என்று அங்கேயே உட்கார்ந்து முழங்காலைக் காட்டிவிட்டார். அது துப்பாக்கி எண்ணெய் என்று மூன்று தடவை சொன்னேன். துப்பாக்கிக்கே போடுகிற எண்ணெய் என்றால் எவ்வளவு வலுவான எண்ணெயாக இருக்கும் என்று மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் துரை வருவதற்குள் இவர்களை அனுப்பினால் போதும் என்று இரண்டு சொட்டு விட்டேன். அவரே நன்றாகத் தேய்த்துக்கொண்டு எழுந்தார். ஓரடி வைத்தார். இன்னோரடி வைத்தார். கையை விட்டுவிட்டு நேராக நடந்து போனார்.

அது எண்ணெயின் வேலையா, தேய்த்த வேலையா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அடுத்த ஞாயிறு சுடுமேட்டில் முப்பது பேருக்குக் குறையாமல் காத்திருந்தார்கள். துரை தூரத்திலிருந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டு, நாங்கள் சுடுவதை வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தொப்பியை எடுத்து வணக்கம் சொன்னார். அவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் முழங்காலைக் காட்டினார்கள்.

இதில் மனசு நொந்தவர் கம்பவுண்டர். பன்னிரண்டு வருஷம் அவரிடம் மருந்து வாங்கிக் குடித்தவர்கள் அவர் முகத்துக்கு நேரே, "உங்க தண்ணி மருந்தவிட ரைட்டர் எண்ணெ நல்லா கேக்குதுங்க," என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பையக் குடு."

"ஏனுங்க, நாளைக்குத் தரட்டுமா? சாமான எடுக்கோணும்."

"இப்பவே குடு. பையிலதான் கைராசி இருக்குது. உங்கிட்ட ஒண்ணும் கெடையாது."

சாமானைத் தரையில் கொட்டிவிட்டுப் பையைக் கொடுத்தேன். மறுபடியும் நான் பை இல்லாதவனானேன்.

இதற்கிடையில் துரையின் பட்லர் ஒரு துணிப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். துப்பாக்கி துடைக்கத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளும்படி துரை கழித்துவிட்ட ஒரு காக்கிக் கால்சட்டை. குதிரையிலிருந்து விழுந்து கிழிந்ததால் வலது முட்டியில் வட்டமாக ஓர் ஒட்டுத் துணி மட்டும் தைத்திருந்தது. மற்றபடி துணி யானைத்தோல் மாதிரி இருந்தது. மனைவி அதைக் கையிலெடுத்து இழுத்துப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதப் போயி வெட்டறதுங்களா? பாவமுங்க. தொடைக்கறதுக்கு என் பழஞ்சீல இருக்குது," என்றாள்.

மறுநாள் நான் ஆபீசிலிருந்து திரும்பியபோது காரியம் முடிந்திருந்தது. இரண்டு கால்களின் அடியையும் சாக்கு ஊசியால் இறுக்கித் தைத்துவிட்டாள். இடுப்பில் பெல்ட்டு நுழைகிற வளையங்களில் கயிறு கோத்துச் சுருக்கு வைத்திருந்தாள். சாமான்களையும் அவளே அடுக்கியிருந்தாள். கம்பியும் கொடியும் இடது காலில். ஆணி, சுத்தியல், சுருட்டிய குறித்தாள்கள் வலது காலில். ஒரு பக்கத்துப் பாக்கெட்டில் தோட்டா, இன்னொரு பக்கம் எண்ணெய். பின்பாக்கெட்டு இரண்டில் ஒன்றில் மூடி போட்ட பசை டப்பா, மற்றதில் நோட்டு. துடைக்கும் துணி நடு இடுப்பில். எதுவும் எதையும் தொடாது.

"எண்ணிக்குங்க. இதுலயும் அறைக்குக் கொறவில்லீங்க," என்றாள்.

அவள் சொன்னது உண்மை. ஆனாலும் முட்டி ஒட்டை விரலால் தொட்டுக் காட்டினேன். "இது துரையோட கால்சட்டை," என்றேன்.

"இப்பப் பைங்க."

"தெரியாதா அவருக்கு?"

"போட்டிருந்தப்பக் குனிஞ்சு பாத்திருப்பாருங்களா? உங்க தோள்ல கெடந்தா அடையாளம் தெரியாதுங்க. தகிரியமாப் போங்க."

அந்தப் பையைத் தூக்குவதற்கு ஒரே வழிதான் இருந்தது. ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் விட்டுத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே கம்பி இருந்ததால் இடது கால் மடங்காமல் விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. பாதையில் எதிரே வந்த மேஸ்திரி தூரத்திலேயே நின்றுவிட்டார். நான் கிட்டே போகும்வரை அசையவில்லை.

"ரைட்டருங்க," என்றார் மெதுவாக. "மிச்சம் துரை எங்கீங்க?"

"இது பைங்க."

அவர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். முட்டியில் இருந்த ஒட்டைத் தொட்டுப் பார்த்தார். "குதுரயிலிருந்து உழுந்தப்ப நாந்தானுங்க தூக்கிவுட்டேன்," என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தார். சுடுமேடு வரும்வரை அவர் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது.

போய்ச் சேர்ந்தபோதுதான் என் கெட்ட நேரம் தெரிந்தது. துரை தனியாக இல்லை. ஏற்காட்டிலிருந்து அவருடைய பழைய பட்டாளத்துச் சிநேகிதர் ஒருவர் டோலியில் ஏறி வந்திருந்தார். குள்ளமான, சிவந்த முகத்து மனுஷன். எங்கள் படையைப் பார்வையிடத்தான் வந்திருக்கிறார். இருவரும் கைத்தடியோடு நிமிர்ந்து நின்றார்கள்.

நான் பையைப் பாயின்மேல் கிடத்தினேன். கிடத்திய பிறகு அது இன்னும் மோசமாக இருந்தது. யாரோ ஒருவர் இடுப்புக்குமேல் இல்லாமல் படுத்துத் தூங்குகிற மாதிரி இருந்தது. துரை பார்த்தார். கண்ணை இடுக்கினார். ஓரடி முன்னே வந்து முட்டி ஒட்டைக் கைத்தடி நுனியால் தொட்டார். அவர் முகம் மெல்லச் சிவந்து சிநேகிதர் முகத்தைப் போலவே ஆயிற்று.

"தோட்டா," என்றார். 

தோட்டாவை எடுக்கப் பாக்கெட்டுக்குள் கையை விட்டேன். பெட்டி துணியில் சிக்கிக்கொண்டு வரவில்லை. மேல் சுருக்கை அவிழ்த்தேன். அப்போதும் வரவில்லை. முன்பக்கத்துப் பொத்தான்களைக் கழற்றினால்தான் வரும் என்று தெரிந்தது. துரையின் கால்சட்டைப் பொத்தான்களை, துரை பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய சிநேகிதர் முன்னிலையில், மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஐந்து பொத்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் எடுத்த வேலை வேறில்லை.

மூன்றாவது பொத்தானில் சிநேகிதர் சிரிக்க ஆரம்பித்தார். ஐந்தாவதில் கைத்தடியை விட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். கம்பவுண்டர் வானத்தைப் பார்த்தார். மேஸ்திரி இடது காலிலிருந்து கொடியை உருவி முகத்தை மறைத்துக்கொண்டார்.

துரை மட்டும் சிரிக்கவில்லை. பட்டாளத்து வழக்கப்படி ஒவ்வொரு சாமானாகப் பெயர் சொல்லிக் கேட்டார். கம்பி என்றார், இடது காலிலிருந்து உருவிக் கொடுத்தேன். தாள் என்றார், வலது காலிலிருந்து எடுத்தேன். ஒரு மூலை மடங்கவில்லை. பசை என்றார். பின்பாக்கெட்டிலிருந்து டப்பா வந்தது, துளி சிந்தவில்லை. தோட்டாக்களைக் கையில் உருட்டிப் பார்த்தார். எல்லாம் காய்ந்து சுத்தமாக இருந்தன.

"யார் தைச்சது?"

"சம்சாரமுங்க."

அவர் தையலை விரலால் இழுத்துப் பார்த்தார். "எனக்கு இருந்த மூணு காக்கியில இதுதான் நல்லது," என்றார். பிறகு, "இனிமே இதே பை," என்றார். 

ஏற்காட்டுத் துரை போன பதினைந்தாம் நாள் ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். உள்ளே அவருடைய கால்சட்டை, கூடவே ஒரு கடிதம். தனக்கும் அதேபோல ஒன்று வேண்டுமாம். மனைவி தைத்துக் கொடுத்தாள். அவர் குள்ளமானதால் கம்பிக்கு இடம் போதவில்லை என்று அவளுக்குக் கடைசிவரை மனக்குறைதான்.

பை நன்றாக அமைந்துவிட்டது, ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் தோட்டா வருவது நின்றுபோயிற்று. எல்லாம் யுத்தத்துக்குப் போகிறதென்று சேலத்திலிருந்து பதில் வந்தது. பழக்கம் அதோடு முடிந்ததென்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். துரை விடவில்லை. தோட்டா இல்லாவிட்டாலும் படுக்கலாம், குறி பார்க்கலாம், விசையை அழுத்தலாம், சத்தத்தை வாயால் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். எங்கே பட்டது என்பதை அவரவரே உள்ளபடி சொல்ல வேண்டும்.

அப்படியே செய்தோம். நான் படுத்து, "டுமீல்" என்றேன். பலகைக்குச் சற்று இடப்பக்கம் என்று நேர்மையாகச் சொன்னேன். துரை நோட்டில் எழுதினார். கம்பவுண்டர் படுத்து, "டுமீல்" என்றுவிட்டு, நடுப்பொட்டு என்றார். அவர் கண்ணாடியைக்கூட மாட்டியிருக்கவில்லை.

"பலகையே தெரியாதவருக்கு நடுப்பொட்டு எப்படிங்க தெரியும்?" என்றேன்.

"சத்தத்துல தெரிஞ்சுது," என்றார். அது யார் போட்ட சத்தம் என்று நான் கேட்க, வாக்குவாதம் முற்றி, துரை ஆளுக்கொரு மார்க்கைக் கழித்தார்.

மேஸ்திரி கடைசியாகப் படுத்தார். நிதானமாகக் குறி பார்த்தார். சட்டென்று துப்பாக்கியை வலது பக்கம் திருப்பி, சரிவெல்லாம் எதிரொலிக்கும்படி, "டமார்!" என்று கத்தினார். மரத்திலிருந்த மைனாக்கள் எல்லாம் பறந்தன.

"என்ன?" என்றார் துரை.

"காட்டுப்பன்னிங்க. பலா மரத்துப் பக்கமா ஓடுச்சு. உட மனசு வல்லீங்க."

துரை சரிவை நன்றாகப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. "விழுந்துதா?"

"உழுந்துருச்சுங்க."

"ஆணா, பெண்ணா?"

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். "பொட்டைங்க."

துரைக்குக் கோபம் வந்துவிட்டது. பெண் பன்றியைச் சுடக் கூடாதென்று தெரியாதா, இத்தனை வருஷம் காட்டில் இருந்தும் இது கூடவா தெரியவில்லை என்று பாயைச் சுற்றிச் சுற்றி நடந்து திட்டினார். மேஸ்திரி எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

"தப்புத்தானுங்க. வெளிச்சம் பத்தல, சரியாத் தெரியலீங்க," என்றார்.

காலை பத்து மணி. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. துரை நோட்டைத் திறந்து, அவருக்கு இரண்டு மார்க்கைக் கழித்தார்.